இலை இறக்க அரை மணி நேரம்

முதலில் அநியாயம் செய்தவர் வைரப்பெருமாள். என் தங்கச்சி பாப்பாத்தியின் புருஷன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பின்னால் பார்க்கிங்காரன் வருவான், அவன் சங்கிலி வரும், மஞ்சள் தாள் வரும். கேட்கிறவர்கள் எல்லாரும் அவன் மேல்தான் கோபப்படுகிறார்கள். அவன் சம்பளத்துக்கு வந்தவன். முதலில் செய்தவர் வைரப்பெருமாள்.

காலை நீட்டிக்கொள்ளுங்கள். கீழே இருப்பது இலைக்கட்டுதான், மிதிபட்டாலும் பரவாயில்லை. ஒரு உதவி மட்டும். இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போட்டிருக்கிறானா? கட்டுக்குத் தனியாக லக்கேஜ் போட்டிருக்கிறானா? எனக்குப் பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிப் படித்துவிடுவேன். இது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. சரியாக இருக்கிறதா? நல்லது. செக்கிங் ஏறினால் நீங்கள் சொல்லுங்கள், இவர் கேட்டு வாங்கினார் என்று. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. இந்த மூன்று மாதமாகத்தான், யாராவது காக்கியோ நீலமோ போட்டுக்கொண்டு எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

எனக்கு வண்டி இல்லாமல் இல்லை. மொபெட் இருக்கிறது. வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே சாக்கு போர்த்தியிருக்கிறேன். ராத்திரி படுக்கும்போது அதன் சீட்டில் ஒரு கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். பிறகு ஏன் பெரியவரே பஸ்ஸில் வருகிறீர் என்பீர்கள். சொல்கிறேன்.

வைரப்பெருமாளின் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் முடிவானது. நான் தாய்மாமன். வேறு தாய்மாமன் கிடையாது. பாப்பாத்திக்கு நான் ஒருத்தன்தான் கூடப் பிறந்தவன். முதல் பத்திரிகை யாருக்கு வைக்க வேண்டும்? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் வைத்து, அதன் மேல் பத்திரிகையை வைத்து, நான் மணையில் உட்கார, என் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, நீங்க முன்ன நின்னு நடத்தணும் மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் பக்கமும் அப்படித்தானே?

எனக்குப் பத்திரிகை எப்படி வந்தது தெரியுமா? பால் வண்டியில் வந்தது. பால் எடுக்க வருகிறவன் கேனை இறக்கிவிட்டு, "உங்க மாப்ள கொடுக்கச் சொன்னாருங்க" என்று சன்னல் கம்பியில் சொருகிவிட்டுப் போனான். ஓரமெல்லாம் பால் ஈரம்.

அவருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். வண்டியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்திருந்தார்களாம். பாப்பாத்தி ஆஸ்பத்திரியில் கூட இருந்தாளாம். பக்கத்து வீட்டுச் சரோஜாவின் போனில் பேசினாள், "அண்ணே, நடக்க முடிஞ்சதும் நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றோம், மனசுல வச்சுக்காதே" என்று அழுதாள். கம்பி வைத்தது காலில்தானே தம்பி? தட்டு பிடிக்கிற கையில் இல்லையே. கல்யாண நாள் வந்துவிட்டது. அவர்கள் வரவில்லை. எனக்கு வர வேண்டிய தட்டு நின்றுபோய்விட்டது. அது கடன். அன்றிலிருந்து அவர் எனக்குக் கடன்பட்டவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அந்த மொபெட் அவர் பேரில் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் அவர் பெரிய வண்டி வாங்கியபோது, "இதை நீங்க வச்சுக்கங்க மச்சான், இலைக்கட்டு ஏத்தத் தோதா இருக்கும்" என்று கொண்டுவந்து விட்டார். பேர் மாற்றலாம் வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கிறார். எனக்கு அன்றைக்கு இலை அறுப்பு. அவருக்குப் பென்ஷன் வருகிறது, நிற்கலாம். எனக்கு முடியுமா? இப்போது சொல்லுங்கள், பேர் மாறாமல் இருந்தது யார் தப்பு?

கல்யாணத்துக்கு நான் போவதாக இல்லை. ஆனால் சமையல் மாஸ்டர் ஒருத்தர் எனக்கு வாடிக்கை. ராமலிங்கம் என்று பேர். அவர் வந்து, "அங்கமுத்து, பொன்னரசி மகால்ல ஒரு கல்யாணம், நுனி இலையா வேணும்" என்று தேதி சொன்னார். தேதியைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது நான் யார் என்று. நானும் சொல்லவில்லை. வந்த வேலையை விடக்கூடாது, அதனால் ஒத்துக்கொண்டேன். பூவன் வாழைத் தோட்டத்தில் நானே இறங்கி அறுத்தேன். ஆள் வைக்கவில்லை. ஒவ்வொரு இலையாகத் துடைத்து அடுக்கினேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

அந்த மகாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தச் சாலையில்தான் இருக்கிறது. இன்னும் வரவில்லை. வரும்போது நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள், என் முகம் வெளியே தெரியக்கூடாது. மறந்துவிடாதீர்கள்.

விடிகிற நேரத்துக்குப் பின்வாசல் வழியாக வண்டியை உள்ளே விட்டேன். வருஷக்கணக்காக அப்படித்தான் போவேன். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் உண்டு, அதன் அடியில் நிறுத்துவேன். அன்றைக்கு அங்கே புதிதாக ஒரு போர்டு இருந்தது. பார்த்தேன். படிக்கத்தான் இல்லை. இலைக்கட்டுகளையெல்லாம் இறக்கினேன். மாஸ்டர் காசு எடுத்தார். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இன்னும் போய் வாங்கவில்லை, மறந்துபோய்விட்டது.

இறக்கி முடித்ததும் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பத்தான் போனேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். அப்போது மைக்கில் ஒருத்தன், "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க? மேடைக்கு வாங்க. மாலை எடுத்துக் கொடுக்கணும்" என்கிறான்.

வண்டியைத் திரும்ப ஸ்டாண்டு போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேளம். இந்தப் பக்கம் நான், சாம்பார் கொதிக்கிற வாசனை, காய்த் தோல் குவியல். மறுபடியும் கூப்பிட்டான். "தாய்மாமன் வாங்க. நேரமாகுது." பேர் சொல்லிக் கூப்பிட்டானா? இல்லை. அங்கமுத்து என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். தாய்மாமன் என்றுதான் கூப்பிட்டான். அதை அழைப்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது? நான் நின்றேன். போகவும் இல்லை, உள்ளே நுழையவும் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போதுதான் என் பின்னால் விசில் சத்தம். திரும்பினால் நீலச் சட்டை, தோளில் பட்டை, தொப்பி, பூட்ஸ். போலீஸ் என்றே நினைத்தேன். அவன் பேர் தனபால் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகாலில் வண்டி நிறுத்துகிற இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள், அந்தக் கம்பெனியின் ஆள். அதற்குள் என் பின்சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். சீட்டில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

"பெரியவரே, போர்டு பாத்தீங்கல்ல? சரக்கு வண்டி இறக்கிட்டு அரை மணி நேரத்துல வெளிய போயிரணும். மீறுனா ஃபைன்."

"இப்பத்தான் வந்தேன் சார்."

"இப்பத்தானா? நீங்க வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க." பிறகு கொஞ்சம் இறங்கிவந்து கேட்டான். "விருந்தாளி வண்டிக்கு ஃபைன் கிடையாது. நீங்க கல்யாண வீட்டாளா, இலைக்காரரா? ஒண்ணு சொல்லுங்க."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவனே சல்யூட் அடித்துச் சங்கிலியைக் கழற்றியிருப்பான். ஆனால் எந்த வாயால் சொல்வது? பால் வண்டியில் பத்திரிகை வந்தவன் கல்யாண வீட்டாளா?

"இலைக்காரன்" என்றேன்.

"அப்ப ஃபைன் கட்டிட்டு எடுத்துக்கங்க." வண்டியில் தொங்கிய பையைத் திறந்து பார்த்தான். "என்னங்க இது, புதுப் புடவை?"

"என் வீட்டுக்காரிக்கு."

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவனுக்கு என்ன தெரியும். பச்சைப் புடவை. பட்டு இல்லை, பட்டு மாதிரி. என்னத்துக்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். வழியில் கண்ணில் பட்டது, வாங்கினேன். மாமன் சீர் என்றால் தாம்பாளம் தாம்பாளமாக வரிசை வைக்க வேண்டும், பட்டு வேண்டும், மோதிரம் வேண்டும். ஒற்றைப் புடவையோடு எவன் மேடை ஏறுவான்? அது வேறு விஷயம். என்னை முறையாக அழைக்கவில்லை, அதனால்தான் நான் ஏறவில்லை. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தனபால் போனை எடுத்து என்னையும் வண்டியையும் சேர்த்துப் போட்டோ பிடித்தான். என்னைக் கடைசியாகப் போட்டோ பிடித்தது ரேஷன் கார்டுக்கு. இவன் பிடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு வண்டி நம்பரைப் போனில் தட்டினான்.

"ஓனர் பேரு வைரப்பெருமாள்னு வருது. நீங்களா?"

"இல்ல."

"பின்ன அவரு யாரு? வரச் சொல்லுங்க. வரலைன்னா மைக்ல சொல்றேன். இந்த நம்பர் வண்டி ஓனர் வைரப்பெருமாள் பின்வாசலுக்கு வரவும்னு சொன்னா, மண்டபத்துக்குள்ள இருந்தா வந்துட்டுப் போறாரு."

உள்ளே மணவறையில் அந்த வைரப்பெருமாள்தான் கம்பி வைத்த காலை மடக்க முடியாமல் மகளைத் தாரை வார்க்க உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் மைக்கில் அவர் பேர் வந்தால்? சபை முழுதும் திரும்பும். என்னமோ ஏதோ என்று ஓடி வருவார்கள். வந்து பார்த்தால், தாய்மாமன் காய்த் தோலுக்குப் பக்கத்தில், சங்கிலி போட்ட வண்டியோடு, திருடனைப் பிடித்து வைத்த மாதிரி நிற்கிறான். தாலி கட்டுகிற நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு அபசகுனமாகப் போகாதா? தனபாலின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மைக்ல சொல்லாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"கைய எடுங்க பெரியவரே. எனக்கென்ன உங்க மேல கோவமா? ரூல்ஸ்." அவன் மண்டபத்தை நோக்கி நடந்தான்.

நான் ஓடிவிட்டேன்.

வண்டியை விட்டுவிட்டு, பையை விட்டுவிட்டு, துண்டு எங்கே விழுந்தது என்று கூடத் தெரியாமல் ஓடினேன். ரோட்டுக்கு வந்தபோது மைக் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். மைக்கில் பேர் சொன்னானா, சொல்லவில்லையா, அவர் காதில் விழுந்ததா, இல்லையா, ஒன்றும் தெரியாது. நடந்தே வீடு வந்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். தேன்மொழி கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் நான் ரோட்டில் வேலியோரமாக ஓடிக்கொண்டிருந்தேன் தம்பி. அதையும் வைரப்பெருமாள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

அதோ, அந்த ஆர்ச்சு தெரிகிறதே, அதுதான். சாய்ந்துகொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். வாசலில் நீலச் சட்டை நிற்கிறதா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், நான் குனிந்துகொள்கிறேன். பஸ்ஸைப் பார்க்கிறானா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறானா? இல்லையா. போய்விட்டதா? சரி. தண்ணீர் இருந்தால் ஒரு வாய் கொடுங்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் வீட்டை விட்டு அசையவில்லை. தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். தனபால் கேட்டபோது பயத்தில் சரோஜா வீட்டு நம்பரைக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். சரோஜா வந்து சொன்னாள். "யாரோ மகால்லேர்ந்து பேசறாங்கண்ணே. வண்டியை எடுக்கலைன்னா நாளுக்கு நாள் ஃபைன் ஏறுமாம். அப்புறம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவாங்களாம். என்னண்ணே பண்ணி வச்சிருக்கே?" என் போட்டோ அவன் போனில் இருக்கிறதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. எந்த ஸ்டேஷனில் யார் பார்க்கிறார்களோ. வண்டி இல்லாமல் இலை ஏற்றவும் முடியவில்லை. தோட்டத்தில் இலை முற்றிக் கிழிந்து தொங்கியது. அந்த வண்டி போனால் எனக்குப் பிழைப்பு போனது. வேறு என்ன தெரியும் எனக்கு?

டீக்கடை மாரப்பன்தான் தைரியம் சொன்னான். "அது ரோடா? கவர்மெண்ட் எடமா? தனியார் எடத்துல எவன் எவனுக்கு ஃபைன் போடறது? போய் நில்லு. சர்க்கார் சீல் வச்ச ரசீது காட்டுன்னு கேளு. வாயடைச்சுப் போயிருவான்." சீல் வச்ச ரசீது, சீல் வச்ச ரசீது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மகாலின் ஆபீஸ் ரூமில் தனபால் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தான். சின்னப் பையன். தொப்பி இல்லாமல் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அவன் என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"வாங்க பெரியவரே. அன்னிக்கு ஓடிட்டீங்க."

"இது தனியார் எடம்" என்றேன்.

"ஆமா. எங்க எடம். அதனாலதான் ஃபைன்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று மாரப்பன் சொல்லிக்கொடுக்கவில்லை. ரசீதைக் கேட்கவே மறந்துபோனேன். தனபால் கெட்டவன் இல்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். நான் நின்றேன்.

"நான் திரும்பவும் கேக்கறேன். அன்னிக்கு நடந்த கல்யாணத்துக்கு நீங்க விருந்தாளியா? ஆமான்னு சொல்லுங்க, கல்யாண வீட்டாளுங்க ஒருத்தரு சொல்லட்டும், ஃபைனைக் கிழிச்சுப் போட்டுடறேன். எனக்கும் இந்த வண்டி எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"இலைக்காரன்."

"சரி. அன்னிக்கு மண்டபம் புக் பண்ணவர் பேரு வைரப்பெருமாள். உங்க வண்டி ஓனரும் வைரப்பெருமாள். ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

"தெரியாது" என்றேன்.

"அவரைத் தெரியாதா?"

"தெரியாது."

அவன் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தான். "தெரியாத ஆள் வண்டி உங்க கையில எப்படி வந்துச்சு? அப்ப இது திருட்டு வண்டியா?"

தம்பி, எனக்கு அப்போது மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் தங்கச்சி புருஷன் என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அவர் எனக்குக் கடன்பட்டவர். கடன்காரன் பேரைச் சொல்லி நான் தப்பிப்பதா? அதற்கு ஜெயில் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். பிறகு ஜெயிலை நினைத்தேன்.

"ஸ்டேஷனுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி, புக் பண்ண நம்பருக்கு காலைலயே போட்டுட்டேன்" என்றான் தனபால். "அவரு வந்துட்டாரு. வண்டியைப் பாக்கணும்னு பின்னால போயிருக்காரு. அவரே சொல்லட்டும்."

கைத்தடி சத்தம் கேட்டது. வைரப்பெருமாள் வந்து நின்றார். முகமெல்லாம் மழிக்காத நரை முள். பாதி ஆளாகப் போயிருந்தார். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. என்னைப் பார்த்தார். வண்டி போச்சு என்று நினைத்தேன். அவர் பேரில் இருக்கிற வண்டி. என் வண்டி, எடுத்துட்டுப் போறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அவர் மகள் கல்யாணத்தில் நிற்காதவன். சொல்ல அவருக்கு நியாயம் இருக்கிறது என்று இல்லை, ஆனால் சொல்லலாம் அல்லவா?

"என்ன மச்சான், நிக்கிறீங்க. உக்காருங்க" என்றார்.

தனபால் கேட்டான், "சார், இவரு உங்களைத் தெரியாதுங்கறாரு."

"கோவமா இருந்தா அவருக்கு என்னைத் தெரியாதுதான்."

"அப்ப உங்க ஆளா?"

"பொண்ணுக்குத் தாய்மாமன். மொத பத்திரிகை இவருக்குத்தான் வச்சோம்."

"பின்ன ஏன் பெரியவரே இலைக்காரன்னே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"இலையும் அவருதான்" என்றார் வைரப்பெருமாள். "பந்தியில எல்லாரும் இலையைத்தான் பேசுனாங்க. ஒரு இலை கிழியல. யாரு போட்டதுன்னு நான் மாஸ்டர்கிட்ட கேக்கவே இல்ல தம்பி. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

கேட்டீர்களா? எல்லார் முன்னாலும் என்னை இலைக்காரன் என்று குத்திக் காட்டினார். அதற்கு முன்னால் சொன்னது அதைவிட மோசம். முதல் பத்திரிகை வைத்தாராம். பால் வண்டியில் வந்த பத்திரிகை. முழுப் பொய். அந்த இடத்திலேயே பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் விருந்தாளி இல்லை என்று ஆகிவிடும். விருந்தாளி இல்லை என்றால் ஃபைன், திருட்டு வண்டி, ஸ்டேஷன். என் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை, பயத்தில் அதுவாக ஆடியது. அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வாயை வைத்தே என் கடனை அழிக்கப் பார்த்தார் அந்த மனுஷன்.

தனபால் மஞ்சள் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டான். சங்கிலியைக் கழற்றினான். என் போட்டோவை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அழித்துவிட்டேன் என்று போனைக் காட்டினான். எனக்கு என்ன தெரியும், வேறு எங்காவது வைத்திருப்பான். அதனால்தான் இந்த ரோட்டில் வண்டியை எடுப்பதில்லை. சங்கிலியைக் கழற்றியவனுக்குத் திரும்பப் போடத் தெரியாதா? இன்னொரு தடவை பிடித்தால் யார் வருவார்?

வண்டியில் தொங்கிய பையைத் திறந்தேன். காலி. புடவை இல்லை. "என் பொருளைக் காணோம்" என்றேன். தனபால் சத்தியம் செய்தான், நாங்க ஒண்ணும் தொடலை பெரியவரே என்றான். வைரப்பெருமாள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் கரண்டு கம்பத்தைப் பார்த்தவர், அன்றைக்கு மரத்தில் என்ன கண்டாரோ. "வெயில் ஏறுது மச்சான், போலாம்" என்றார். கேட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் காலு கொஞ்சம் நல்லாகட்டும். நானும் பாப்பாத்தியும், பொண்ணு மாப்பிள்ளையோட, ஒரு ஞாயித்துக்கிழமை முறையா வர்றோம். வீட்டுல இருங்க."

கையை உருவிக்கொண்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். ஸ்டார்ட் பண்ணப் பயமாக இருந்தது.

திருடியது தனபால்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரோஜா போன வாரம் கோயிலில் தேன்மொழியைப் பார்த்தாளாம். பச்சைப் புடவை கட்டியிருந்ததாம் பிள்ளை. "யாரு எடுத்துக் கொடுத்ததுன்னு கேட்டேன், எங்க மாமான்னு சொல்லுதுண்ணே" என்றாள். அத்தை புருஷன் முறையில் வைரப்பெருமாள் பக்கம் ஆயிரம் மாமன் இருப்பார்கள். ஊரில் பச்சைப் புடவை ஒன்றுதானா இருக்கிறது? சரோஜாவுக்கு எதையாவது முடிச்சுப் போட்டுப் பேச வேண்டும்.

என்ன கேட்கிறீர்கள்? இலை வாடியிருக்கிறதா? ஆமாம், நேற்று அறுத்த கட்டு. விற்பதற்கு இல்லை. கையில் ஒரு கட்டு இருந்தால் வேலையாகப் போகிறவன் மாதிரி இருக்கும். சும்மா போகிறவனைத்தானே எங்கே போகிறாய் என்று கேட்பார்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி. பாப்பாத்தி நேற்று போன் பண்ணிச் சொல்லிவிட்டாள், காலையில் வருகிறோம் என்று. தட்டோடு வருவார்களாம். வந்தால் என்ன செய்வது? புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் தடவையாக வாசல் ஏறும்போது தாய்மாமன் கையில் என்ன இருக்க வேண்டும்? இருந்த ஒரு புடவையையும் திருட்டுக் கொடுத்துவிட்டேன். வெறுங்கையோடு மணையில் உட்கார்ந்து தட்டு வாங்குவதா? அதனால் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். இப்போது அவர்கள் தெருவில் நுழைந்திருப்பார்கள்.

சாவியைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அழைப்பதற்காக இல்லை. தட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனால் நாய் வாய் வைக்கும். வீடு கூட்டியிருக்கிறது, மணையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதெல்லாம் தூசியாக இருந்தது, துடைத்தேன்.

ஆனால் ஒன்று. சரோஜா கையில் கொடுத்தால் செல்லாது. கட்டிலில் வைத்துவிட்டுப் போனாலும் செல்லாது. என் கையில் கொடுக்க வேண்டும், நான் வீட்டில் இருக்கும்போது கொடுக்க வேண்டும். நான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று அவர்தான் அலைந்து கண்டுபிடித்து வர வேண்டும். அலையட்டும். கம்பி வைத்த காலோ வைக்காத காலோ, எனக்கு அது தெரியாது. அதுவரைக்கும் வண்டிப் பேரையும் மாற்றப் போவதில்லை. அவர் பேரிலேயே நிற்கட்டும்.

சத்திரம் வந்துவிட்டதா? கட்டைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள் தம்பி. திரும்பிப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? இப்போதே ஏற மாட்டேன். அவர்கள் கிளம்பியிருக்க வேண்டும். சும்மா கேட்டு வைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் சொல்லுங்கள், வைரப்பெருமாள் எனக்கு இன்னும் பாக்கி.